பாப் பாடல் காணொளியில் சலங்கையும் பொட்டும்: எதிர்க்க வேண்டியது எதை?

கிளிமெண்டி கவின்

சிங்கப்பூர்ச் சீனப் பாடகி ஒருவர் பரதநாட்டிய உடையில் இங்குள்ள டன்லப் ஸ்திரீட் கடைவீட்டு வாசலில் ஆடுவதுபோல் ஒரு பாப் காணொளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் எதிர்க்க வேண்டுமா?

உடைக்காக எதிர்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து. நடனம் அமைத்தவருக்குப் பெயரும் பணமும் போய்ச் சேர்ந்ததா, பின்னால் நிற்கும் இந்தியர்களை என்னவாகக் காட்டுகிறார்கள், இவைதான் என் கேள்விகள். 2016-இல் வந்த, பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளேயின் 'ஹிம் ஃபார் தி வீக்கெண்ட்' மும்பையில் எடுத்தது. சாமியார், ஹோலிப் பொடி பூசிய சிறுவர்கள், காரை உதிர்ந்த சுவர், நகை அணிந்த அமெரிக்கப் பாடகி பியான்சே. பியான்சேயை விட்டால் ஒவ்வொன்றும் மும்பையில் இருப்பதுதான். ஆனால் அந்த ஊரில் மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகும் லட்சக்கணக்கானோருக்கு அதில் இடமில்லை. என் எதிர்ப்பு அந்தப் பொறுக்கலுக்குத்தான்.

தெம்பனீஸ் மணி

பண்பாட்டுக்கு யாரும் பட்டா போட முடியாது, தம்பி. கர்நாடகக் கச்சேரியில் இன்று வயலின் இல்லாமல் மேடை ஏறுவோர் அபூர்வம். அது ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் நுழைந்தது. நாம் எடுத்தால் வளர்ச்சி, அடுத்தவர் எடுத்தால் திருட்டா?

இனத்தைக் கேலிப்பொருளாக்குவது தவறு என்றால் முதலில் நம் வீட்டைப் பாருங்கள். 2007-இல் 'சிவாஜி' படத்தின் ஒரு பாடலுக்கு ரஜினியை வெள்ளையாக்கிக் காட்டினார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் தோல் நிறத்தைக் கணினியில் அவர் உடம்புக்கு ஏற்றிய வேலை அது. படத்தின் சிறப்புக் காட்சிகளுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. நம் பாட்டுகளில் வெளிநாட்டுப் பெண்களை வரிசையாக நிறுத்தி ஆட வைப்பதும் அவர்களை அலங்காரப் பொருளாக்குவதுதானே. அதற்கு இங்கே யார் கொதித்தார்கள்?

யீஷூன் கவிதா

மணி அண்ணே, நம் வீட்டிலும் தவறு நடக்கிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதைச் சொல்லி இந்தத் தவறை விட்டுவிடச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

கவின் சொன்ன காட்சியையே எடுங்கள். பாப் பாட்டு நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் எட்டு எண்ணிக்கை அடவு (நடனத்தின் அடிப்படை அசைவுத் தொடர்) ஒன்று முடிய நான்கு விநாடி ஆகும். பாப் காணொளியில் ஒரு காட்சித் துண்டு ஒன்று, ஒன்றரை விநாடிதான். அடவு தொடங்கும், கை விரியும், அதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். இடுப்புக்கு மேலே மட்டும் படம்பிடித்தால் முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியே தெரியாது. காலும் தாளமும் போனபின் மிஞ்சுவது என்ன? கழுத்தசைவு, உருட்டும் கண், தாமரைக் கை. 'இந்தியப் பெண் என்றால் இப்படித்தான்' என்ற அச்சு இப்படித்தான் எடிட்டிங் மேசையில் உருவாகிறது. ஆடியவர் பத்து வருடம் கற்றவராக இருந்தாலும் பயனில்லை.

சலங்கை இன்னொன்று. அது வெறுங்காலுக்கானது. கட்டும் முன் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அரங்கேற்றத்துக்கு முன் சலங்கை பூஜை என்றே தனி நாள் வைப்பவர்கள் உண்டு. தோல் பூட்ஸுக்கு மேல் அதைச் சுற்றினால் பார்க்கும் நாட்டியக்காரருக்கு நெஞ்சில் குத்தும். பூட்ஸ் மேல் கட்டினால் மணி அடங்கித்தான் ஒலிக்கும், ஆகவே ஓசைக்காகப் பார்த்தாலும் அதனால் லாபமில்லை.

கொரிய பாப் குழு பிளாக்பிங்க் கதை எல்லாருக்கும் நினைவிருக்கும். 2020 ஜூனில் வந்த 'ஹவ் யூ லைக் தேட்' காணொளியில் குழுவின் லிசா அமர்ந்திருக்கும் காட்சியில் பிள்ளையார் சிலை தரையில் இருந்தது. இந்திய ரசிகர்கள் எதிர்த்ததும் குழுவை நடத்தும் ஒய்ஜி நிறுவனம் சில நாளில் சிலையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டது. கலைப் பிரிவில் ஒருவர், 'இதைத் தரையில் வைக்கலாமா' என்று கேட்டிருந்தால் சிலைக்கு ஒரு பீடம் போட்டதோடு வேலை முடிந்திருக்கும்.

நிறத்திருத்தி

காணொளிகளுக்கு வண்ணத் திருத்தம் செய்யும் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், இந்த விவாதத்தில் யாரும் தொடாத இடம் அது. இந்தியா, மெக்சிகோ என்றாலே படம் மஞ்சளாகிவிடும். பகல் வெயில் சுமார் 5,600 கெல்வின். அந்த வெயிலில் கேமராவின் வெள்ளைச் சமநிலையை (எந்த ஒளியை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்ற அமைப்பை) 7,500-க்கு ஏற்றினால் வெள்ளைச் சுவரும் காய்ச்சல் கண்டதுபோல் மஞ்சளாகும். புழுதி, புழுக்கம், ஏழ்மை என்ற எண்ணம் வசனம் ஒன்றும் இல்லாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே பாட்டில் நியூயார்க் காட்சி வந்தால் சமநிலை இயல்பாக இருக்கும்.

தோல் விஷயம் அதைவிட முக்கியம். நிறத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப்பில் பார்த்தால் எந்த இனத்தவரின் தோலும் ஏறக்குறைய ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்ச அளவுதான். முன்னால் நிற்கும் வெளிர் நிறப் பாடகிக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டுப் பின்னால் ஆடும் கருநிறத்தவரை அப்படியே விட்டால், வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கும் வேவ்ஃபார்மில் பாடகி முகம் 65-இல் இருக்கும், அவர்கள் முகம் 20-க்குக் கீழே போய்விடும். அங்கே மூக்கும் கன்னமும் தெரியாது, நகை மட்டும் மின்னும். ஒருவரை 'அலங்காரம்' ஆக்குவது இவ்வளவு சுலபம். அவர்களுக்குப் பக்கவாட்டில் பெரிய மென்விளக்கு ஒன்று தனியாக வேண்டும், முகம் 40-ஐ ஒட்டி வரவேண்டும். கருந்தோலில் விளக்கு பிரதிபலிக்கும் பளபளப்புதான் முகத்தின் வடிவத்தைக் காட்டும். பவுடரை அள்ளி அப்பி அதைக் கொல்லக்கூடாது. படப்பிடிப்பில் விட்டதை என் மேசையில் முழுதாக மீட்க முடியாது. தூக்கிப் பார்த்தால் இரைச்சல் புள்ளிதான் வரும்.

தெம்பனீஸ் மணி

விளக்கு விஷயம் நியாயம், ஏற்கிறேன். ஆனால் 'ஆலோசகரைக் கேட்டால் சரியாகிவிடும்' என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அமெரிக்க இசைக்குழு நோ டவுட் 2012 நவம்பரில் 'லுக்கிங் ஹாட்' காணொளியை வெளியிட்டது. அமெரிக்கப் பழங்குடியினர் வேடம், கூடாரம், கட்டிப்போட்ட பெண். அடுத்த நாளே மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கையிலேயே, பழங்குடி நண்பர்களையும் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களையும் கலந்தாலோசித்தோம் என்றார்கள். என்ன பயன்?

என் உண்மையான பயம் வேறு. சின்னப் பட்ஜெட்டில் எடுக்கும் உள்ளூர் இயக்குநர் இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு என்ன முடிவு எடுப்பார்? 'இந்தியர் விஷயமே வேண்டாம், வம்பு' என்பார். தவறாகக் காட்டுவதும் போகும், காட்டுவதே போகும். இந்தத் தீவில் மெண்டரின் பாப் காணொளியில் தமிழ் முகம் ஏற்கெனவே குறைவு.

யீஷூன் கவிதா

நோ டவுட் உதாரணம் ஆலோசகர் வேண்டாம் என்பதற்குச் சான்று இல்லை, அண்ணே. அவரை எப்போது கூப்பிட வேண்டும் என்பதற்குத்தான் சான்று. கதைச் சுருக்கம் எழுதும்போது, உடை தைக்கும் முன், எடிட்டின் முதல் வெட்டில் (முதலில் தொகுத்த வடிவத்தில்) என மூன்று கட்டத்திலும் அவர் இருக்க வேண்டும். 'இது போகட்டும், இது கூடாது' என்று சொல்ல அவருக்கு ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். படப்பிடிப்பு நாளில் தேநீர் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அவர் வெறும் கேடயம்.

முகம் குறையும் என்ற பயத்துக்கு 2019-ஐ நினைத்துப் பாருங்கள். மின்னணுப் பணம் செலுத்தும் சேவைக்கான விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் டென்னிஸ் சியூ தோலைக் கருமையாக்கி 'கே. முத்துசாமி' என்ற பெயர்ப்பட்டையோடு வந்தார். முத்துசாமியாக நடிக்க ஒரு முத்துசாமியைக் கூப்பிடவில்லை. இங்கே முகத்தைக் குறைத்தது எதிர்ப்பா, நடிகர் தேர்வா?

தெம்பனீஸ் மணி

அதன் அடுத்த பாதியையும் சொல்லுங்கள். அதற்குப் பதிலடியாக உள்ளூர்க் கலைஞர்கள் பிரீத்தி நாயரும் சுபாஸ் நாயரும் வெளியிட்ட ராப் காணொளிக்குப் போலீசின் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை வந்தது. விளம்பரமோ இணைய விதிமுறையை மீறவில்லை என்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சொன்னது. 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இங்கே இனம் பற்றிய புகார் கோபமான பாட்டாக வந்தால் பாட்டுதான் முதலில் மாட்டும். அதனால்தான் சொல்கிறேன், கூச்சல் போடாமல் தயாரிப்பாளரோடு நேரில் பேசுவதே நமக்கு நல்லது.

கிளிமெண்டி கவின்

நேரில் பேசலாம், ஆனால் கையில் காகிதத்தோடு பேசுங்கள் அண்ணே. 2021-இன் புதிய காப்புரிமைச் சட்டப்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரையும் நிகழ்த்தியவரையும் அடையாளம் காட்ட வேண்டும். நடனத்தை நடத்தும் நட்டுவனாரும் தவில்காரரும் இதைக் கேட்டு வாங்கலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: மரபுப் பாட்டுக்கோ பழைய ஜதிக்கோ தனி உரிமையாளர் இல்லை. ஆனால் வாசித்த பதிவுக்கு உண்டு. அதனால் பழைய ஒலிநாடாவிலிருந்து வெட்டி ஒட்டினால், மரபுப் பாட்டாக இல்லாதபோது, பாட்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று என இரண்டு அனுமதியையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் 'அடிக்டிவ்' பாட்டு லதா மங்கேஷ்கர் பாடிய பழைய பாட்டின் துண்டைப் பெயர் போடாமல் எடுத்தது. 2003-இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம், இசையமைப்பாளர் பப்பி லஹரியின் பெயர் இல்லாமல் இசைத்தட்டை விற்கக்கூடாது என்றது. நம்மவர்களுக்குள்ளும் இதே வலிதான். 'எஞ்சாய் எஞ்சாமி' புகழ் பெற்ற 2021-இல் ஒரு பத்திரிகை அட்டையில் அதை எழுதிப் பாடிய கலைஞர் அறிவின் படம் இல்லை என்று பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார்.

யீஷூன் கவிதா

அப்படியானால் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியவை: நடனம் அமைத்தவர் பெயர் காணொளி விளக்கத்தின் முதல் மூன்று வரிக்குள். தலை முதல் கால்வரை தெரியும் ஒரு காட்சி, குறைந்தது நான்கு விநாடி. தெய்வ உருவம் தரையிலும் காலடியிலும் வேண்டாம். பின்னணி ஆட்டக்காரர்களுக்குத் தனி விளக்கு. முதல் வெட்டை நட்டுவனார் பார்க்க வேண்டும், அவர் மறுத்தால் மாற்ற வேண்டும்.

தெம்பனீஸ் மணி

முதல் நான்குக்கும் என் கையெழுத்து உண்டு. கடைசியில் 'மாற்ற வேண்டும்' என்பதை எடுத்துவிடுங்கள் அம்மா. பார்க்கட்டும், எழுத்தில் சொல்லட்டும், முடிவு இயக்குநருடையது.

யீஷூன் கவிதா

அந்தச் சொல் போனால் மற்ற நான்கையும் எடிட்டிங் மேசையில் எடுத்துவிடுவார்கள், அண்ணே. அதை நான் எடுக்கமாட்டேன்.