மூடிக் கிடக்கும் தோட்டத்துத் தேவாலயம்: இசை அரங்கம் ஆக்கலாமா?

லயத்துப் பிள்ளை:
மலேசியாவின் பேராக்கில் எங்கள் பட்டணத்தை ஒட்டிய தோட்டத்தில் தேவாலயம் ஒன்று பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வெட்டி எண்ணெய்ப் பனையான செம்பனையை நட்டார்கள்; தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகின; பூசைக்கு ஆள் இல்லை. உருமி மேளம் பழகும் பிள்ளைகளோ பஸ் நிலையத்துக்குப் பின்னால், கொசுக்கடியில் அடித்துப் பழகுகிறார்கள். அந்தத் தேவாலயத்தை இசை அரங்கமாக்க வேண்டும் என்பது என் கருத்து. லண்டனில் புனித லூக்கா தேவாலயம் 1959இல் மூடப்பட்டு, கூரையும் இல்லாமல் சுமார் 40 ஆண்டுகள் நின்றது. 2003 முதல் அது லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் இசைக்கூடம். இடிந்து விழுவதைவிடப் பாட்டு ஒலிப்பது நல்லதல்லவா?

மரியாயின் மகள்:
அண்ணன், லண்டனை விடுங்கள். அந்தப் பீடத்தின் முன்னால்தான் என் அப்பாவின் பெட்டியை வைத்தோம். பால் வெட்டிவிட்டு, கையில் வாடை போகாமலே வந்து முழங்காலிட்டவர்கள் சம்பள நாளில் காசு சேர்த்து வாங்கிய மணி அது. அங்கே டிக்கெட் கிழிப்பதை என்னால் பார்க்க முடியாது. உருமி வேண்டாம் என்பது இளப்பத்தால் அல்ல. உருமி அடித்தால் சாமி வரும். உங்களுக்கு அது புனிதம். அதனால்தான் அதற்கு உரிய இடம் வேறு என்கிறேன்.

லயத்துப் பிள்ளை:
உருமியைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம்; அதை வலியுறுத்த மாட்டேன். ஆனால் கச்சேரி? தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராகங்களில்தானே கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடினார்?

மரியாயின் மகள்:
அவர் பாடியது ஆண்டவருக்கு.

பழைய உபதேசியார்:
இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1222இன்படி, வழிபாட்டுக்குப் பயன்படாத ஆலயத்தை உலகியல் பயன்பாட்டுக்கு விட ஆயருக்கு அதிகாரம் உண்டு. இழிவான பயன்பாடு கூடாது. குருக்கள் மன்றத்தைக் கேட்க வேண்டும். அந்த ஆலயத்தில் முறையாக உரிமை கோருவோரின் சம்மதமும் வேண்டும். நாம் இங்கே எழுதித் தீர்க்கும் காரியம் அல்ல.

மிருதங்கக்காரன்:
கட்டடம் ஒத்துக்கொள்கிறதா என்று யாருமே கேட்கவில்லை. பெரிய கல் தேவாலயங்களில் ஓசை அடங்க இரண்டு விநாடிக்கு மேலும் ஆகும். சேர்ந்திசைக்கு அது அமுதம். மிருதங்கத்தில் ஒரு சொல், அதாவது ஒரு தட்டின் ஒலி, அடங்குவதற்குள் அடுத்த சொல் ஏறிக் குழம்பிவிடும். நம்முடையது பலகைச் சுவர். அந்தக் குழப்பம் வராது. தொல்லை தகரக் கூரைதான். மாலை நான்கு மணிக்கு நம் ஊர் மழை பிடித்தால் தம்புரா எங்கே கேட்கும்? கூரைக்கு அடியில் கனமான தடுப்பு போடாமல் ஒரு கச்சேரியும் நடக்காது. கரையான் அரித்த உத்தரம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதை முதலில் பாருங்கள்.

பழைய உபதேசியார்:
நிலம் யார் பெயரில் இருக்கிறது, தம்பி? பல தோட்டங்களில் கோயிலும் தேவாலயமும் கம்பெனி நிலத்தில் வாய்மொழி அனுமதியோடு எழுந்தவை. பட்டா இல்லையென்றால், கூரையை மாற்றிய மறுமாதமே கம்பெனி நிலத்தை விற்கலாம்.

லயத்துப் பிள்ளை:
அதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும், ஐயா. நில அலுவலகத்துக்குப் போகிறேன்.

மரியாயின் மகள்:
போய் வாருங்கள். பட்டா கிடைத்தாலும் சிலுவையையும் மணியையும் முதலில் பட்டணத்துப் பங்குக் கோயிலுக்குப் பவனியாகக் கொண்டு போக வேண்டும். அன்று நானும் நடந்து வருவேன். மேடையைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் கேளுங்கள்.