டர்பன் ஸ்டேஷனில் நிற்கும் 'நேட்டால்' இஞ்சின்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

டர்பனிலிருந்து:
ஜோஹன்னஸ்பர்க் பஸ் பிடிக்கப் போகும்போதெல்லாம் இதைத் தாண்டித்தான் நடப்பேன், நின்று பார்த்ததில்லை. போன மாதம் பஸ் தாமதம். மகன் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். "நிஜ இஞ்சினாப்பா?" என்று கேட்டான். கேட்கக்கூடிய கேள்விதான், அவ்வளவு சின்னது. நான்கே சக்கரம், பின்னால் கரிவண்டிகூடக் கிடையாது, தண்ணீர்த் தொட்டி இஞ்சினுக்குள்ளேயே.

இங்கிலாந்தின் லீட்ஸில் செய்தது. 1860 ஜூன் 26 அன்று, தென்னாப்பிரிக்காவின் முதல் ரயிலை இழுத்துக்கொண்டு, டர்பன் மார்க்கெட் ஸ்கொயருக்கும் துறைமுகப் பகுதியான பாயின்ட்டுக்கும் நடுவே சுமார் 3 கிலோமீட்டர் ஓடியது. அதே வருடம் நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு இதே துறைமுகத்துக்கு வந்தது. மதராஸில் ராயபுரம் ரயில் 1856-லேயே ஓட ஆரம்பித்தாயிற்று. ஆக, கப்பலில் வந்தவர்களில் சிலருக்கு ரயில் புதுசாகவே இருந்திருக்காது. டர்பன் துரைமார்கள் பாதிப்பேருக்கு முன்பே பார்த்திருப்பார்கள்!

சாட்ஸ்வர்த்திலிருந்து:
நல்லா சொன்னீங்க தம்பி. எங்கள் தாத்தா லைன் கேங்கில் இருந்தவர், ரயில்வே பாரக்ஸில் குடியிருந்தார். ஸ்லீப்பர் மாற்றுவது, ஜல்லி இடிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை எடுத்துக்கொண்டதில் கரும்புத் தோட்டங்களுக்கு அடுத்து நேட்டால் அரசு ரயில்வேயும் பெரிய முதலாளிதான். இஞ்சினை ஓட்ட விடுவார்களா? அதெல்லாம் வெள்ளைக்காரர் வேலை. 1924-க்குப் பிறகு 'நாகரிக உழைப்பு' என்று ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். அந்தக் கூலி வேலையிலிருந்தும் நம்மவர்களைக் கழித்து ஏழை வெள்ளையர்களைச் சேர்த்தார்கள். நாகரிகமாம்! ஆயா இதைச் சொல்லும்போது வாயில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இந்த இஞ்சினைப் பார்க்கும்போது எனக்குத் தண்டவாளம்தான் கண்ணில் படுகிறது. அதைப் போட்டவனுக்கு யார் மேடை கட்டினார்கள்?

கேப் டவுனிலிருந்து:
ஒரு சின்னத் திருத்தம் போட அனுமதியுங்கள் அண்ணா. நாட்டுக்கு முதலில் வந்த இஞ்சின் எங்கள் 'பிளாக்கி'தான். ஸ்காட்லாந்தின் லீத்தில் செய்து, 1859 செப்டம்பரிலேயே கப்பலில் வந்து இறங்கியது. கேப் டவுன் ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் மட்டும் காபியோடு நின்று சக்கரம் எண்ணுவேன்.

டர்பனிலிருந்து:
வந்து என்ன பயன் தங்கச்சி, அது கேப் டவுன் – வெலிங்டன் பாதை போடும் வேலைக்கு வந்தது. அந்தப் பாதை முழுசாகத் திறக்க 1863 ஆனது. பயணிகளை முதலில் ஏற்றியது நேட்டால்தான். விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேப் டவுனிலிருந்து:
சரி சரி, சமாதானம். இரண்டுமே இன்றைய பாதையில் ஓடாது, தெரியுமா? அவை தண்டவாளங்களுக்கு நடுவே 1435 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பாதைக்குச் செய்தவை. மலை ஏற, கூர்மையாக வளைய, செலவைக் குறைக்க என்று 1870-களில் 1067-க்கு மாறினார்கள். அதோடு பழைய இஞ்சின்களுக்குப் பிழைப்பு போயிற்று.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
உங்கள் நேட்டாலுக்கு இன்னும் மோசம். விற்றுவிட்டார்கள். கடைசியில் போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கம் மண்ணுக்குள் கிடந்தது. 1940-களில் தோண்டி எடுத்து, கிடைத்ததை வைத்து மறுபடி கட்டி நிறுத்தினார்கள். அதனால் ஒவ்வொரு ஆணியும் அசல் என்று நம்பிப் படம் பிடிக்காதீர்கள்.

அப்புறம் தம்பி, அடுத்த முறை பையனைக் கூட்டிப்போனால் உம்கேனி ரோட்டிலேயே இருக்கும் வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயத்தையும் காட்டுங்கள். பஸ் தாமதமானால் நேரம் இருக்குமே. புகை விடும் இஞ்சினே வேண்டும் என்றால் குளூஃப் – இன்சாங்கா நீராவி ரயில் இருக்கிறது. இப்போது எந்த ஞாயிறு ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் கீழே போடுங்கள், நானும் பேரன்களோடு வருகிறேன்.