புதுப்பிப்பு: அழிரப்பர் இல்லாமல் மூன்று மாதம்

40 வயதில் வரையத் தொடங்கி, போட்ட கோட்டையெல்லாம் அழித்துக்கொண்டே இருக்கிறேன் என்று முன்பு புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. பேனாவால் வரையச் சொன்னீர்கள். முதல் வாரம் கொடுமை. அப்புறம், அழிக்க வழியில்லாததால் கை அவசரப்படுவதை விட்டது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கோப்பிக் கோப்பையை மட்டும் இருபது தடவை வரைந்திருப்பேன். சாய்வாகப் பார்க்கும்போது அதன் வாய் நீள்வட்டம். நானோ முழு வட்டமாகவே போட்டிருக்கிறேன்! கைப்பிடிக்குள் தெரியும் வெற்றிடத்தை முதலில் வரைந்தால், கைப்பிடி ஓரளவு தானாக அமைந்துவிடுகிறது.

போன ஞாயிறு வரைந்தது, லிட்டில் இந்தியாவில் 1900இல் கட்டிய அந்த வண்ணமயமான டான் டெங் நியா வீடு. என் படத்தில் சன்னல்கள் சாய்ந்துவிட்டன. எட்டிப் பார்த்த பாட்டி, "நல்லாத்தான் இருக்கு தம்பி, வீடுதான் விழப்போற மாதிரி இருக்கு" என்றார். சிரித்துவிட்டு அடுத்த சன்னலைத் தொடங்கினேன்.