ஸ்போர்ட் பைலட் இன்ஸ்ட்ரக்டரா சொல்லிக்கொடுத்த மணி நேரம் கணக்குல வருமா?

எல்லாருக்கும் வணக்கம். நான் டெக்சாஸ்ல ஸ்போர்ட் பைலட் இன்ஸ்ட்ரக்டர், அதாவது சின்ன, எளிமையான விமானங்களை ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. லாக்புக்குல இதுவரைக்கும் 210 மணி நேரம் பாடம் எடுத்திருக்கேன். முக்கால்வாசி ஒரு சின்ன ரெண்டு சீட்டர்லதான். பக்கவாட்டுக் காத்துல இறங்கும்போது ரட்டரை (விமானத்தோட மூக்கைத் திருப்புற பெடலை) மிதிக்கப் பயந்து கால் நடுங்கின ஒரு பையன், போன மாசம் தனியா பறந்தான். அந்த மணி நேரமெல்லாம் வீணாப் போயிடக்கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது.

இப்போ கமர்ஷியல் (சம்பளத்துக்குப் பறக்கிற) லைசன்ஸ் முடிச்சு முழு சிஎஃப்ஐ, அதாவது முழுத் தகுதி உள்ள விமானப் பயிற்சி இன்ஸ்ட்ரக்டர் ஆகப்போறேன். 2018-ல எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விதியை மாத்தினதுக்கு அப்புறம், எங்ககிட்ட கத்துக்கிட்ட நேரம் மாணவர்களுக்குப் பிரைவேட் லைசன்ஸுக்குச் சேருது. இன்ஸ்ட்ரக்டரா பறந்த நேரத்தை பிஐசியா (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டா) எழுதலாம், அதனால கமர்ஷியலுக்கான 250 மணி நேரத்துக்கும் சிக்கல் இல்லை.

என் கேள்வி அதுக்கு மேல. புது சிஎஃப்ஐகளைத் தயார் பண்ண, 24 மாசம் இன்ஸ்ட்ரக்டரா இருந்து 200 மணி நேரம் சொல்லிக்கொடுத்திருக்கணும்னு எஃப்ஏஏ விதி 61.195-ல ஒரு வழி இருக்கே, அதுல என்னோட ஸ்போர்ட் நேரம் சேருமா? விசாரிச்ச ஒரு பள்ளியில முதல்லேர்ந்து எண்ணணும்னு சொல்லிட்டாங்க, காரணம் கேட்டா பதில் இல்லை.

இந்த வழியில போனவங்க யாராவது இருந்தா, எஃப்ஏஏ அலுவலகத்துல என்ன சொன்னாங்க, எழுத்துல ஏதாவது வாங்கினீங்களான்னு சொல்லுங்க, ப்ளீஸ்.