சீனப் பீங்கானின் எனாமலுக்குத் தமிழ்ச்சொல்: சுடுவண்ணம்?

> அருங்காட்சியகக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். 18-ஆம் நூற்றாண்டுச் சீனச் சாடி. எனாமலால் மனித உருவங்கள் தீட்டியது. அகராதியில் எனாமலுக்குப் பற்சிப்பி என்றே இருக்கிறது. ‘பற்சிப்பிச் சாடி’ என்று எழுதக் கை வரவில்லை.

வணக்கம் அம்மா. நல்லவேளை, கை வரவில்லை!

இந்த இழையில் எனாமலுக்கு இதுவரை மற்றவர்கள் சொன்ன மிளிரி, மெருகு, பளிங்குப்பூச்சு மூன்றும் பளபளப்பையே சொல்கின்றன. சாடிக்குப் பளபளப்பைத் தருவது அடியிலுள்ள கிளேஸ். அதைக் கண்ணாடிப்பூச்சு என்றால் போதும். எனாமல் அதன்மேல் வருகிற வண்ணம். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென்னின் சூளைகளில் சாடி முதலில் கண்ணாடிப்பூச்சோடு ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸில் வெந்து வெள்ளையாக வெளிவரும். பிறகு, உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றிய ஈயக் கண்ணாடியைப் பொடித்துக் குழைத்துத் தூரிகையால் தீட்டுவார்கள். மறுபடி சூளை, இம்முறை 800 பாகை அளவில். பொடி உருகி ஒட்டிக்கொள்ளும், அடிப்பூச்சு அசையாது. இரண்டாம் சூட்டில்தான் அது எனாமல் ஆகிறது. அதனால் என் பரிந்துரை: சுடுவண்ணம். சுடுமண் சிற்பம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், காதுக்குப் புதிதாக இராது. செம்புப் பாத்திரத்தில் தீட்டிய எனாமலுக்கும் இதே சொல் நிற்கும்.

> நீல-வெள்ளைப் பீங்கானின் கோபால்ட் நீலமும் சூளையில் வெந்ததுதானே? அதுவும் சுடுவண்ணமா?

நியாயமான கேள்வி ஐயா. அது கண்ணாடிப்பூச்சுக்கு அடியில் கிடந்து அதோடு சேர்ந்தே வேகிறது. அடிவண்ணம் எனலாம். இரண்டும் ஒரே சாடியில் வந்தால் மட்டும் மற்றதை மேற்சுடுவண்ணம் என்று பிரித்துச் சொல்வோம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. குறிப்பில் சாடியின் வண்ண வகையாக ‘ஃபமீய் ரோஸ்’ என்று இருக்குமே, அதை ‘இளஞ்சிவப்புக் குடும்பம்’ ஆக்கிவிடாதீர்கள். அதுவும் ‘ஃபமீய் வேர்ட்’ என்ற பச்சைக் குடும்பமும் 19-ஆம் நூற்றாண்டில் ஆல்பர் ழாக்மார் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர்கள். பாரிஸில் இருந்து பார்த்தவருக்கு நிறம் கண்ணில் பட்டது, நமக்கும் அதே கண் எதற்கு? சீனர்களிடம் அழகான இணை ஒன்று இருக்கிறது. பேரரசர் காங்ஷி காலத்துப் பச்சை மிகுந்த வகையை யிங்த்சாய், அதாவது வன்மையான வண்ணம் என்றும், பின்வந்த இளஞ்சிவப்பு வகையை ருவான்த்சாய், மென்மையான வண்ணம் என்றும் சொல்வார்கள். வன்பொருள், மென்பொருள் போல வன்வண்ணம், மென்வண்ணம் என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மனித உருவம் தீட்டிய சாடியில் இந்த வேறுபாடு முகத்திலேயே தெரியும். வன்வண்ணங்கள் பெரும்பாலும் ஒளி ஊடுருவுபவை, ஒன்றோடொன்று குழைக்க இசையாதவை. ஆகவே காங்ஷி காலத்துச் சாடியில் போர்வீரனின் முகம் வெறும் வெள்ளைப் பீங்கான்தான்; கண்ணும் மூக்கும் மெல்லிய கோடுகள். மென்வண்ணத்தில் ஆர்செனிக் சேர்ந்த ஒளிபுகா வெள்ளை வந்தது. சீனத்தில் அதற்குப் பெயரே ‘கண்ணாடி வெள்ளை’. அதில் எந்த நிறத்தையும் கலந்து வெளிறச் செய்யலாம். தங்க நுண்துகளால் கிடைத்த இளஞ்சிவப்பும் கூடச் சேர்ந்தது. கன்னச் சிவப்பு, பட்டாடையின் மடிப்பு, நிழல் எல்லாம் வந்தன. பேரரசர் யோங்செங் ஆட்சியில் (1723–1735) இது முதிர்ந்தது. பெயரைச் சரியாக வைத்தால் பார்ப்பவர் முகத்தைக் கூர்ந்து பார்ப்பார். ‘இளஞ்சிவப்பு’ என்றால் சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

> வண்ணம் என்றால் யாப்பில் சந்தம். தொல்காப்பியர் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்கிறார். குழப்பம் வராதா?

வராது ஐயா. செய்யுளைச் சூளையில் வைப்பவர் யாருமில்லை. எனக்கு அந்த ஒற்றுமை பிடித்தே இருக்கிறது.

> மனித உருவங்கள் என்பதற்கு ‘உருவ அலங்காரம்’ போதுமா?

போதாது. யாளியும் கொக்கும்கூட உருவம்தான். ‘மாந்தர் ஓவியம்’ என்று போடுங்கள். தாவோ மரபின் எட்டு அமரர்களோ மூன்று அரசுகள் காலத்து வீரர்களோ என்று அடையாளம் தெரிந்தால் ‘கதைமாந்தர்’ இன்னும் பொருந்தும். இந்தச் சாடிகளில் பலவும் நாடகமும் புதினமும் பார்த்து வரைந்தவை. சாடியா ஜாடியா என்று சண்டை வேண்டாம். ஜாடி என்றதும் ஊறுகாய் நினைவுக்கு வருகிறது, அவ்வளவே.

> நன்றி. இப்படி எழுதலாமா: “மாந்தர் ஓவியச் சாடி. பீங்கான், மென்வண்ணச் சுடுவண்ணமும் பொன்பூச்சும். ஜிங்டெசென், 18-ஆம் நூற்றாண்டு.”

‘வண்ணம்’ இருமுறை வருகிறது. “பீங்கான், மென்வண்ணம், பொன்பூச்சு” போதும். மென்வண்ணம் என்றாலே அது சுட்டதுதான். சுடுவண்ணத்தை அரங்கின் பொது விளக்கப் பலகையில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.