டச் போர்டில் விரலால் இழுத்தால் பாதியில் விட்டுவிடுகிறது

தென்காசிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. 4, 5 இரண்டு வகுப்பும் ஒரே அறையில். பின்னம் நடத்த கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனைகளை, அதாவது திரையில் தொட்டு நகர்த்திப் பார்க்கும் பாடங்களை, பயன்படுத்துகிறேன். வட்டத்தின் கால் துண்டைப் பிள்ளைகளே இழுத்து வந்து இடத்தில் பொருத்த வேண்டும். அங்கேதான் சிக்கல். போர்டின் வலது பக்கம் போனதும் துண்டு விரலை விட்டுக் கழன்று பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது. தட்டினால் எடுக்கிறது, இழுத்தால் இல்லை. "சார், போர்டு பிடுங்குது" என்கிறான் ஒருவன்.

காலாண்டு விடுமுறை முடிந்து திறந்ததிலிருந்து இப்படி. 65 இஞ்ச் இன்ஃப்ராரெட் டச் போர்டு (சுற்றுச் சட்டத்தில் உள்ள அகச்சிவப்புக் கதிர்களை விரல் மறைப்பதை வைத்துத் தொடும் இடத்தை அறியும் வகை), விண்டோஸ் 10 லேப்டாப், படத்துக்கு எச்டிஎம்ஐ, டச்சுக்குத் தனி யுஎஸ்பி கேபிள். உத்தரவாதம் முடிந்துவிட்டது.

நெட் மெதுவோ என்று பாவனையை இறக்கி ஆஃப்லைனில் ஓட்டினேன், அதே கதை. குரோம், எட்ஜ் இரண்டும் பார்த்தாயிற்று. கேலிபரேஷன் (தொடும் இடமும் திரையில் பதியும் இடமும் ஒத்துவரச் சரிசெய்வது) செய்தேன், கேபிளை மாற்றினேன், சட்டத்தைச் சுற்றிலும் உலர்ந்த துணியால் துடைத்தேன். மவுஸில் எல்லாம் சரியாக நகர்கிறது. அப்புறம் விண்டோஸின் பெயின்ட் செயலியில் விரலால் நீளக் கோடு போட்டேன்: வலது ஓரத்துக்கு ஒரு சாண் முன்னால், எப்போதும் அதே இடத்தில், கோடு அறுகிறது. ஜன்னலும் அந்தப் பக்கம்தான், வெயில் குழப்புகிறதோ என்று நினைத்தேன். ஆனால் மேகமூட்டமான நாளிலும் இதே நிலை.

மெக்கானிக் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும், வந்தாலே காசு. அதற்கு முன், இது சட்டத்தில் உள்ள சென்சார் பழுதா, லேப்டாப்பில் போர்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் கோளாறா என்று பள்ளியிலேயே கண்டுபிடிக்க என்ன வழி?