ஆற்றுக் கயாக்கா, நீளக் கயாக்கா? ராமநாதபுரத்தில் ஃபிளை தூண்டிலுக்கு எது சரி?

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக எட்டாம் எண் ஃபிளை ராடை (இறகும் நூலும் கட்டிய லேசான செயற்கை இரையை வீசும் தூண்டில் கம்பு) வைத்துக்கொண்டு கரையில் நின்றே வீசிக்கொண்டிருக்கிறேன். இப்போது கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சின்னப் படகு) வாங்கப் பணம் சேர்ந்திருக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும். இருப்பது ராமநாதபுரம் டவுன். போகிற இடங்கள் வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊர், காரங்காட்டுக்கு அக்கம்பக்கத்து உப்பாறுகள், எப்போதாவது தேவிபட்டினம். தேடுவது கொடுவா, சின்னப் பாறை மீன்.

வெளிநாட்டு வீடியோக்களில் ஆற்றிலும் ஓடையிலும் ஃபிளை போடுகிறவர்கள் ஒன்பது அடிக் குட்டைக் கயாக் வைத்திருக்கிறார்கள். இருந்த இடத்திலேயே பம்பரம் மாதிரித் திரும்புகிறது. கடைக்காரரோ பன்னிரண்டு அடி எடுங்கள் என்கிறார். எதை எடுப்பது? வண்டியில் ஏற்ற இறக்க நான் ஒருவன்தான்.

பாம்பன் அலைவாய்:
பன்னிரண்டு அடி. யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் பார்த்தது ஓடுகிற ஆறு. அங்கே பாறைக்கு நடுவே வளைந்து போக வேண்டும், தண்ணீரே கயாக்கைத் தள்ளிக்கொண்டு போகும், அதனால் குட்டையாக இருந்தால் வசதி. நம் வைகை வருடத்தில் பாதி நாள் மணல். வருகிற வெள்ளத்தையும் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்கிறது, மிஞ்சியதுதான் ஆற்றங்கரைப் பக்கம் கடலைப் பார்க்கும். அங்கே நீங்கள் ஆறு என்று நினைத்துத் துடுப்புப் போடுவது உள்ளே வந்த கடலில்தான். அந்தத் தண்ணீரில் உங்களைத் தள்ளப்போவது காற்று. ஒன்பது அடிக் கயாக்கை எதிர்காற்றில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் மூக்கு இடமும் வலமும் ஆடும். பாதித் தெம்பு நேராக்குவதிலேயே போய்விடும்.

மதுரை மடவை:
அலைவாய் அண்ணன் எல்லாவற்றையும் பாம்பன் கால்வாயாகவே பார்க்கிறார் :)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரைக் கிழித்துப் போகிற எந்த ஓடத்துக்கும் வேக வரம்பு அதன் நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அடியில் நீளம் எடுத்து 1.34ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். ஒன்பது அடிக்கு 4.0, பன்னிரண்டு அடிக்கு 4.6. வித்தியாசம் அரை நாட்டுக்குச் சற்று மேல்தான். சாதாரண ஆள் நாள் முழுக்கப் போடுவது மூன்று நாட்டைத் தாண்டாது. அந்த அரை நாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்?

எடையைப் பாருங்கள். ஒன்பது அடி சுமார் 22 கிலோ. நின்று வீசுகிற அகலமான பன்னிரண்டு அடி, சீட்டோடு 40 கிலோவைத் தொடும். தனி ஆள், கார் கூரை, மண் சரிவு. மூன்றாம் முறை தூக்கும்போது இடுப்பு சொல்லிவிடும். தூக்க முடியாத கயாக் திண்ணையில்தான் கிடக்கும். என் பெரியப்பா மகன் வீட்டில் ஒன்று இரண்டு வருடமாகக் கிடக்கிறது, இப்போது அதன் மேல் வடகம் காய்கிறது.

பாம்பன் அலைவாய்:
தம்பி, சூத்திரம் சரி, கேள்விதான் தப்பு. வேக வரம்பை யார் கேட்டார்கள்? நான் சொன்னது நேராகப் போவது பற்றி. நீளமான உடலுக்கு அடியில் ஏரா (நீளவாக்கில் ஓடும் அடிமுகடு) ஓடுகிறது, அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வேண்டுமானால் சுக்கான் வைத்தும் வாங்கலாம். காலால் மிதித்துச் சுக்கானைத் திருப்பினால் கை துடுப்புக்கு மட்டும்.

இன்னொன்று. பாக் கடல் ஆழமில்லாத கடல். பத்து மணிக்கு மேல் காற்று ஏறினால் அலை உயரமாக வராது, நெருக்கி நெருக்கி வரும். குட்டைக் கயாக் ஒவ்வொன்றிலும் தலை குத்தும். நீளமானது இரண்டு அலை மேல் உட்கார்ந்து போகும். மழைக்காலத்தில் வாடை வீசும்போது அந்தப் பக்கமே இறங்கக் கூடாது. வைகாசி, ஆனி கச்சானில் (தென்மேற்குக் காற்றில்) தெற்குப் பக்கம் மன்னார் கடல் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். ஆண் கடல், பெண் கடல் என்று எங்கள் ஊரில் சும்மாவா பெயர் வைத்தார்கள்?

வத்தைக்காரர் மகன்:
மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் தேவிபட்டினம் பக்கம். எங்கள் அப்பா கம்பு ஊன்றி வத்தை (சின்ன நாட்டுப் படகு) தள்ளியே எங்களைப் படிக்க வைத்தார். தெர்மாகோல் மிதவையில் போய் முரல் வலை போட்டுவிட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நீங்கள் எழுபதாயிரம் கொடுத்து பிளாஸ்டிக் தொட்டி வாங்குகிறீர்கள்!

கோபிக்காமல் கேளுங்கள். உப்பாற்றுக்குள் இடுப்பளவு, முழங்காலளவுதான் தண்ணீர். கடலின் ஏற்ற வற்றமும் இங்கே ஒரு மீட்டருக்குக் குறைவு, ஆனால் தரை அவ்வளவு சமம் என்பதால் அரை மீட்டர் இறங்கினாலே கால்வாய் பாதி சேறாகிவிடும். அங்கே துடுப்பு போடுகிறவனைவிடக் கம்பு ஊன்றுகிறவன் சத்தமில்லாமல் போவான். ஒரு வத்தையில் நீங்கள் முன்னால் நில்லுங்கள், பின்னால் ஒருவன் தள்ளட்டும். கொடுவாவுக்கு நாம் வந்தது தெரியாது.

கண்மாய்க்கரை:
அண்ணே, வத்தை யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்காக யார் வந்து தள்ளுவார்கள்? எனக்குத் தேவை நானே போய் நானே வருகிற ஒன்று. அதோடு, நின்று வீச முடியுமா என்பதுதான் என் பெரிய சந்தேகம். கயாக் பற்றிப் பேசிய இரண்டு பேரும் அதைத் தொடவே இல்லை.

கீழக்கரை டீச்சர்:
நான் தொடுகிறேன். ஃபிளைக்கும் மற்றத் தூண்டிலுக்கும் வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது.

சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடை போகும், நரம்பு (தூண்டில் கயிறு) பின்னால் போகும். ஃபிளையில் நரம்பின் எடைதான் போகிறது, ஃபிளைக்கு எடையே கிடையாது. அதனால் நரம்பை முன்னும் பின்னும் காற்றில் நீட்ட வேண்டும். தாழ்வாக உட்கார்ந்து வீசினால் பின்னால் போகும் நரம்பு தண்ணீரில் அடிக்கும். நின்றால் நல்லது, இல்லையென்றால் சீட்டாவது உயரமாக இருக்க வேண்டும். நிற்பதற்கு நீளம் உதவாது, அகலம்தான் உதவும். 34 அங்குலத்துக்குக் குறைந்தால் நான் நிற்க மாட்டேன், நான் ஐந்தடி இரண்டங்குலம்.

அடுத்தது தளம். இழுத்த நரம்பெல்லாம் காலடியில் குவிந்து கிடக்கும். ராடு ஸ்டாண்ட், கொக்கி, கப் ஹோல்டர், சுக்கான் மிதி, எது நீட்டிக்கொண்டிருந்தாலும் நரம்பு அதைத் தேடிப்போய்ச் சுற்றும். பாறை மீன் அடித்து ஓடும்போது சுற்றினால் ராடே போகும். கடையில் காட்டுகிற அலங்காரம் எல்லாம் நமக்கு வினை. வெறும் தளமாக, ஈரத் துணி விரிக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆகவே அலைவாய் ஐயாவின் சுக்கான் மிதிக்கு நான் எதிரி.

உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை வேண்டவே வேண்டாம். கவிழ்ந்தால் தொட்டி நிறைந்துவிடும். தளத்தின் மேல் உட்காரும் வகையில் தண்ணீர் துளை வழியே தானே வடியும், திரும்ப ஏறிக்கொள்ளலாம். ஏறிப் பழகாமல் தனியாகப் போகாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பத்து முறை கவிழ்த்து ஏறிப் பாருங்கள்.

மதுரை மடவை:
டீச்சர் சொன்னது அப்படியே என் கட்சி. அகலம்தான் முக்கியம், நீளம் இல்லை!

கீழக்கரை டீச்சர்:
அவசரப்படாதீர்கள் தம்பி. குட்டையும் அகலமுமாக வாங்கினால் அது சட்டி. காற்றில் சுழலும். நான் சொல்வது அகலமும் வேண்டும் நீளமும் வேண்டும், அதனால் எடையும் வரும் என்பது. எடைக்கு வழி சக்கர வண்டி, மணலுக்கு உருண்டை டயர் போட்டது.

காற்றடைக்கும் கயாக் என்று யாரும் தொடங்குவதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். ஒன்பது கிலோ, பையில் மடங்கும், ஆசையாக இருந்தது. இரண்டாம் முறை இறக்கியபோது சிப்பி ஓடு ஒன்று அடியைக் கிழித்தது. கடைக்குப் படம் அனுப்பினேன், 'கடல் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை' என்று பதில் வந்தது. விளம்பரத்தில் இருந்தது கடல் படம்தான்.

பாம்பன் அலைவாய்:
டீச்சர், சுக்கானைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். போகும்போது போட்டுக்கொண்டு, வீசும்போது மேலே தூக்கிவிட்டால் போதும். மிதி தளத்தோடு படிந்திருக்கிற மாதிரியும் வருகிறது. ஆனால் நரம்பு சிக்கும் விஷயத்தில் நான் தோற்றேன், எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.

நங்கூரம் பற்றி ஒன்று. நீவாடு (நீரோட்டம்) இழுக்கிற இடத்தில் பக்கவாட்டில் நங்கூரம் கட்டாதீர்கள், கயாக் குறுக்கே நின்று தண்ணீர் ஏறிக் கவிழ்க்கும். மூக்கிலோ வாலிலோதான் கட்ட வேண்டும். கயிறு உடனே அவிழ்க்கிற முடிச்சாக, நுனியில் மிதவையோடு இருக்கட்டும்.

வத்தைக்காரர் மகன்:
அலைவாய் அண்ணன் முதல்முறையாக எங்கள் பாஷை பேசுகிறார்.

இன்னும் இரண்டு விஷயம். வலது கைக்காரர் என்றால் காற்று இடது தோளில் படும்படி கயாக்கை நிறுத்துங்கள். வலப்பக்கக் காற்று கொக்கியைக் காதில் கொண்டுவந்து மாட்டும். போன மாதம் மதுரையிலிருந்து வந்த ஒருவருக்குப் பின்கழுத்தில் மாட்டி, நான்தான் எடுத்துவிட்டேன். கொக்கியின் முள்ளைக் குறட்டால் அழுத்தியிருந்தார், பிழைத்தார்.

அப்புறம் நேரம். ஏற்றத்தில் கொடுவா அலையாத்திக் காட்டுக்குள் போய்விடும், வேருக்கு நடுவே ஃபிளை போட முடியாது. வற்றம் தொடங்கி, சின்ன ஓடைகளிலிருந்து இறாலும் பொடிமீனும் வடிகிற வாயில்தான் அது காத்திருக்கும். அங்கே ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணிக்கு எந்தக் கயாக்காக இருந்தாலும் சரி.

கீழக்கரை டீச்சர்:
இடம் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. குருசடைத் தீவுப் பக்கம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று கயாக்கைத் திருப்பிவிடாதீர்கள். காரங்காட்டில் வனத்துறை ஊர்க்காரர்களோடு சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறது, அங்கே சொந்தக் கயாக் இறக்கும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். தனுஷ்கோடி முனைக்குக் கயாக் எடுத்துப் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், எல்லைக் கோடு பக்கம், நீவாடு கடுமை.

மதுரை மடவை:
சரி, நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். கண்மாய்க்கரை, நீங்கள் எப்போதாவது ஊட்டிப் பக்கம் டிரவுட் பிடிக்கவும் இதையே எடுத்துப் போகலாம் என்று நினைத்தால் வேண்டாம். அந்த ஓடைகளில் கயாக்குக்கு வேலையே இல்லை, நடந்துதான் போக வேண்டும். அப்படியானால் குட்டைக் கயாக்குக்கு ஏற்ற 'ஆறு' உங்களிடம் எங்கே இருக்கிறது என்று எனக்கே கேள்வி வருகிறது. ஆனால் 40 கிலோ விஷயத்தில் நான் மாறவில்லை.

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நண்பர் ஒருவரின் பன்னிரண்டு அடி, 34 அங்குலக் கயாக்கை இரவல் வாங்கி ஆற்றங்கரையில் இறக்கினேன். நின்றேன். முதல் பத்து நிமிடம் முழங்கால் ஆடியது, அப்புறம் அடங்கியது. ஒன்பதரைக்குக் காற்று ஏறியது, எதிர்காற்றில் முக்கால் மணி நேரம் துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தேன். ஒன்பது அடியாக இருந்திருந்தால் கரையோரம் கட்டி இழுத்துத்தான் வந்திருப்பேன். மீன் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் மாடிப்படித் திருப்பத்தில் பத்து அடிக்கு மேல் எதுவும் நுழையாது. நான் இருப்பது மேல்மாடி, கீழே வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வைக்கவே முணுமுணுப்பார்.

மதுரை மடவை:
நான் சொல்லவே இல்லையா :)

வத்தைக்காரர் மகன்:
எங்கள் கொட்டகையில் போடுங்கள் தம்பி. ஓலைக் கூரை, வெயில் படாது, பிளாஸ்டிக் வெளிறாது. வாடகை எல்லாம் வேண்டாம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வீச்சு வலை எடுத்துப் போவார். மடவைக்கு உங்கள் ஃபிளை ஆகாது, அது பாசி தின்கிற மீன். அப்பாவை உங்கள் கயாக்கில் உட்கார வைத்து ஒருமுறை தள்ளிக் காட்டுங்கள். எழுபதாயிரத்துக்கு என்ன வாங்கினீர்கள் என்று அவர் நேரில் கேட்கட்டும்.